கல்லு நட்ட பிறகு இழுக்க ஏலாது: டெராஃபோர்மில் சப்நெட் கட்டிய நாலு வருசம்

என் அப்பா நில அளவையாளர். எங்கள் வீட்டில் "பிளான்" என்றால் அவர் மேசையில் நாலு மூலையிலும் கனம் வைத்து விரித்திருக்கும் காகிதம்தான். நாற்பது பேர்ச்சஸ் காணியை நாலு பிள்ளைகளுக்குப் பிரித்துத் தரச்சொல்லி யாராவது வந்தால், ஆளுக்குப் பத்து என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பாதைக்கு முதல் விடுங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்பார். கல் நடுகிற நாளுக்கு முன்னம் பென்சிலால் மூன்று நாலு தரம் கீறி அழிப்பார். நட்ட கல்லை ஓரடி தள்ளி வைக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "கல்லு நட்ட பிறகு இழுக்க ஏலாது. பக்கத்துக் காணிக்காரன் கோட்டுக்குப் போவான்."

நான் பிரிப்பது ஐபி முகவரிகளை. வெள்ளவத்தையில் கடல் பக்கமாகப் போகும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி பிளாட்டில் இருந்துதான் பெரும்பாலும் வேலை. கிழமையில் இரண்டு நாள் கொள்ளுப்பிட்டி ஒஃபிஸுக்குப் போவேன். எங்கள் கொம்பனி சின்னது. பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்குப் பேலியகொடையில் வேர்ஹவுஸும் புறக்கோட்டையில் ஒஃபிஸும் இருக்கின்றன. அவர்களுடைய சேர்வர்களை அமேசனின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்சின் மும்பாய் ரீஜனுக்கு ஏற்றும் வேலை என் தலையில் விழுந்த நாளிலிருந்து டெராஃபோர்மோடுதான் குடித்தனம். டெராஃபோர்ம் என்பது கிளவுட்டில் என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கட்டித் தரும் கருவி. அதனால் ஆயிரம் வேலை செய்யலாம். நான் இங்கே சொல்லப்போவது ஒன்றைப் பற்றித்தான்: விபிசிக்குள் சப்நெட் வெட்ட அது எப்படி?

தெரியாதவர்களுக்கு இரண்டு பந்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

விபிசி என்பது கிளவுட்டில் உங்களுக்கென்று வேலி போட்ட காணி. உருவாக்கும்போதே அதற்கு ஒரு முகவரி வீச்சைக் கொடுக்க வேண்டும். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் ஏற ஏற வீச்சு சின்னதாகும். ஏடபிள்யூஎஸ்சில் மிகப் பெரியது /16, அதாவது 65,536 முகவரி. மிகச் சின்னது /28, அதாவது 16. அந்தக் காணிக்குள் வெட்டும் துண்டுகள்தான் சப்நெட். ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு சோனுக்குள்தான் இருக்கும்; சோன் என்பது ரீஜனுக்குள் தனித்தனியாய் நிற்கும் டேட்டா சென்டர் தொகுதி. மும்பாயில் சோன் மூன்று. ஆகவே ஒரு சோன் விழுந்தாலும் மற்றது நிற்க வேண்டும் என்றால் ஒவ்வொரு வகைச் சப்நெட்டும் இரண்டோ மூன்றோ தேவை.

அப்பா பாதைக்கு விடுவதுபோல இங்கேயும் விட வேண்டும். ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நாலு முகவரியையும் கடைசி ஒன்றையும் ஏடபிள்யூஎஸ் தனக்கென்று வைத்துக்கொள்ளும். /24 வெட்டினால் 256 இல்லை, 251. /28 வெட்டினால் கையில் மிஞ்சுவது 11. இதை மறந்து /28இல் லோட் பலன்சரையும் இரண்டு சேர்வரையும் திணிக்கப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமான விசயம் இனித்தான்: ஒரு சப்நெட்டை உருவாக்கிய பிறகு அதன் வீச்சைக் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது, வேறு சோனுக்கு நகர்த்தவும் ஏலாது. அழித்துவிட்டுப் புதிதாய்த்தான் கட்ட வேண்டும். கூகுள் கிளவுட்டில் கொஞ்சம் இளக்கம் உண்டு. அங்கே சப்நெட் முழு ரீஜனுக்கும் பொதுவானது, பிறகு வீச்சைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கத்தான் முடியாது. ஏடபிள்யூஎஸ்சில் அந்தச் சலுகையும் இல்லை.

அதனால் சப்நெட் வெட்டும் கருவியை நான் மதிப்பிடுவது அது எவ்வளவு வேகமாய் வெட்டுகிறது என்பதை வைத்து அல்ல. வெட்டினதைத் தெரியாத்தனமாக அழிக்கப் போகிறேன் என்றால் எவ்வளவு சத்தமாகச் சொல்கிறது? என் கேள்வி அது ஒன்றுதான்.

முதலில் பைதனில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தேன். ஏடபிள்யூஎஸ்சோடு பேசும் போட்டோ3 லைப்ரரியில் சப்நெட் உருவாக்க ஒரே ஒரு கட்டளை போதும்: விபிசியின் அடையாள எண், வீச்சு, சோன், முடிந்தது. ஆறு சப்நெட் சில விநாடியில் வந்து நின்றன. எனக்குப் புளுகம். அடுத்த நாள் ஏழாவதைச் சேர்த்து அதே ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டினேன். முதல் வரியிலேயே, இந்த வீச்சு வேறொரு சப்நெட்டோடு மோதுகிறது என்று சொல்லி நின்றுவிட்டது. பாவம், அது நேற்றுத் தான் செய்ததை நினைவில் வைத்திருக்கவில்லை. "இருக்கிறதா என்று முதலில் பார், இல்லாவிட்டால் செய்" என்று நானே எழுதத் தொடங்கினேன். மூன்றாம் நாள் பார்த்தால், அரைகுறை டெராஃபோர்ம் ஒன்றை நானே கட்டிக்கொண்டிருந்தேன். அங்கேயே நிறுத்தினேன்.

டெராஃபோர்மின் வித்தை அந்த ஞாபகத்தில்தான் இருக்கிறது. தான் கட்டியவற்றை ஸ்டேட் ஃபைல் என்ற ஒன்றில் எழுதி வைக்கும். நீங்கள் கோட்டில் (நிரலில்) எழுதுவது "இப்படி இருக்க வேண்டும்" என்பதை. அது ஸ்டேட்டையும் கிளவுட்டில் உண்மையில் இருப்பதையும் ஒப்பிட்டு, என்ன சேர்க்க வேண்டும், என்ன மாற்ற வேண்டும், என்ன அழிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தரும். அதன் பெயரும் பிளான்தான். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது சிரித்தார். பிளானை வாசித்து "யெஸ்" என்று முழுச் சொல்லையும் அடித்தால்தான் வேலை நடக்கும். வெறும் வை எழுத்து போதாது. ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த மூன்று எழுத்துக்கு நான் நன்றியுள்ளவன்.

முகவரி கணக்குக்கென்று அதில் ஒரு ஃபங்ஷன் உண்டு, சைடர்சப்நெட் என்று. மூன்று விசயம் கொடுக்க வேண்டும்: பெரிய வீச்சு, எத்தனை பிட் கூட்ட வேண்டும், எத்தனையாவது துண்டு. 10.20.0.0/16, 4, 3 என்று கொடுத்தால் 10.20.48.0/20 என்று வரும். 16உம் 4உம் 20. எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் 3 என்பது நாலாவது துண்டு; /20 துண்டு ஒன்று மூன்றாம் எண்ணில் பதினாறு பதினாறாய் ஏறும் என்பதால் 48. கடதாசியில் பைனரி போட்டு வேர்த்தவர்களுக்கு இது வரம். டெராஃபோர்ம் கொன்சோல் என்ற கட்டளையை அடித்தால் எதையும் கட்டாமல் இந்தக் கணக்கை மட்டும் செய்து பார்க்கலாம். கல் நடுவதற்கு முன்னம் பென்சிலால் கீறுகிற இடம் அது. புதிதாய் வருகிற பெடியன்களை முதல் நாள் நான் இருத்துவது அங்கேதான்.

இங்கே ஒரு பக்கக் கதை. ஏடபிள்யூஎஸ்சின் சொந்தக் கருவியான கிளவுட்ஃபோர்மேஷன் பாவிக்கிறவர்களுக்கும் இதே மாதிரி சைடர் ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் கொடுக்கும் பிட் கணக்கு தலைகீழ். டெராஃபோர்மில் கொடுப்பது பெரிய வீச்சுக்கு மேல் கூட்டும் பிட். கிளவுட்ஃபோர்மேஷனில் கொடுப்பது சப்நெட்டுக்குள் சேர்வர்களுக்காக மிஞ்சும் பிட். /16இலிருந்து /24 வெட்டினால் இரண்டிலும் 8 என்றுதான் வரும். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவோம். பிறகு /20 வேண்டும் என்று 4ஐக் கொடுத்தால் கிளவுட்ஃபோர்மேஷன் /28 தரும். 4,091 முகவரி எதிர்பார்த்த இடத்தில் 11. இரண்டையும் மாறி மாறிப் பாவிக்கிற ஆள் என்றால் இதை எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள்.

இனி என் குற்றப் பத்திரிகை.

நான் முதலில் எழுதிய கோட்டில் ஆறு வீச்சுகளை வரிசையாக ஒரு பட்டியலில் போட்டேன். அதன் மேல் கவுண்ட் வைத்தேன். பட்டியலில் எத்தனை இருக்கோ அத்தனை சப்நெட், ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து ஒரு எண். பார்க்க வடிவாக இருந்தது. எட்டு வரியில் ஆறு சப்நெட். சில மாதம் பிரச்சினையே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பரிசோதனைச் சூழலில் முதல் சப்நெட் இனித் தேவையில்லை என்று பட்டியலின் முதல் வரியை அழித்தேன். ஒன்றை எடுத்தால் ஒன்று போகும், வேறென்ன? பிளான் வந்தது. கடைசி வரியில்: சேர்க்க 5, மாற்ற 0, அழிக்க 6. நான் அதை வாசிக்கவில்லை. கீழே கடையில் கொத்து சொல்லியிருந்தேன், ஆறிவிடும் என்று அவசரம். யெஸ்.

நடந்தது என்னவென்றால், முதலாவதை எடுத்ததும் பட்டியலில் மற்ற எல்லோரும் ஒரு படி முன்னுக்கு வந்துவிட்டார்கள். பூச்சியம் எண் சப்நெட்டுக்கு இப்போது ஒன்றாம் எண்ணின் வீச்சு, ஒன்றுக்கு இரண்டின் வீச்சு, இப்படியே. வீச்சை மாற்ற முடியாது என்பதால் ஐந்தையும் அழித்துத் திருப்பிக் கட்டுகிறது. ஆறாவது எண்ணுக்கு ஆளே இல்லை, அதையும் அழிக்கிறது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் இறங்கினால் பின்னால் இருக்கும் அத்தனை பேரையும் எழுப்பி முன்னுக்கு நகர்த்துவது போல. அதுவும் எழும்பியவனை இருக்க விடுவதற்கு முதல் அவன் சீட்டைக் கழற்றி எறிந்து புதுச் சீட்டு பூட்டுவது போல.

அதோடும் முடியவில்லை. எங்கள் தம்பி ஒருவன், மட்டக்களப்புப் பெடியன், ஒரு சப்நெட்டில் ஏடபிள்யூஎஸ்சின் இணையக் கொன்சோலில் கையாலே ஒரு சின்ன சேர்வரை எழுப்பியிருந்தான். டெராஃபோர்முக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தச் சேர்வர் பிடித்துக்கொண்டிருந்ததால் சப்நெட்டை அழிக்க ஏடபிள்யூஎஸ் விடவில்லை. திரையில் "இன்னும் அழிக்கிறேன்" என்ற அர்த்தத்தில் பத்து விநாடிக்கொரு வரி. பொறுமையாக இருபது நிமிசம் வரை முயற்சி செய்யும், பிறகுதான் கைவிடும். அதற்கிடையில் வேறொரு எண் புதிய சப்நெட்டைக் கட்டப் போய், பழையது இன்னும் போகாததால் மோதல் என்று விழுந்தது. பாதி இடிந்த வீடு.

"அண்ணா, நான் எழுப்பின சேர்வரால தானே?" என்று தம்பி மெல்லமாய்க் கேட்டான்.

"இல்லை. நான் வாசிக்காததால" என்றேன். அந்த இரவு கொத்து ஆறியே போனது.

கருவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழிக்க 6 என்று கொட்டை எழுத்தில் சொல்லியிருந்தது. எந்தச் சப்நெட், எந்தக் காரணத்தால், எந்த வரி மாற்றியதால் என்று மேலே ஒவ்வொன்றாகவும் எழுதியிருந்தது. ஆனால் கவுண்ட் பற்றிக் குறை சொல்ல உண்டு. படிப்பிக்கிற உதாரணங்களில் அதுதான் முதலில் வருகிறது, கை அதற்குத்தான் பழகுகிறது. சப்நெட் மாதிரி அசைக்கக்கூடாத பொருளுக்கு அது தவறான கருவி. 2019இல் ஃபோர் ஈச் வந்தது. அதில் எண்ணுக்குப் பதில் பெயர். "அப்-ஏ", "அப்-பி", "டிபி-ஏ" என்று ஒவ்வொரு சப்நெட்டுக்கும் நீங்களே வைத்த பெயர்தான் அதன் அடையாளம். நடுவில் ஒன்றை எடுத்தால் அது மட்டும் போகும், மற்றது அசையாது. பழைய எண்ணிலிருந்து புதிய பெயருக்கு மாற்ற மூவ்ட் என்ற ஒரு துண்டைக் கோட்டில் எழுதலாம், 1.1 பதிப்பில் வந்தது. எதையும் அழிக்காமல் ஸ்டேட்டில் பெயரை மட்டும் மாற்றிவிடும். திங்கட்கிழமை முழுக்க அதைத்தான் செய்தேன். பிளான் பூச்சியம், பூச்சியம், பூச்சியம் என்று வந்தபோதுதான் ப்ளேன்டீ இறங்கியது.

சைடர்சப்நெட்ஸ் என்று பன்மையில் இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது. வேறு வேறு அளவுகளை வரிசையாகக் கொடுத்தால் அடுத்தடுத்து ஒதுக்கித் தரும். மூன்று /20, ஆறு /24 என்று கேட்டால் முதல் மூன்றும் 10.20.0.0, 10.20.16.0, 10.20.32.0 என்று வரும். பிறகு 48இலிருந்து 53 வரை /24கள். சாமர்த்தியமானதுதான், ஆனால் கவுண்ட்டின் அதே வியாதி இதற்கும் உண்டு: நடுவில் ஒன்றைப் புகுத்தினால் பின்னால் உள்ள எல்லா முகவரியும் தள்ளிப் போகும். புதியதைக் கடைசியில் மட்டுமே சேர்க்கலாம். அதை யார் ஞாபகம் வைத்திருப்பது?

இப்போது நான் செய்வது பலருக்குச் சிரிப்பாக இருக்கும். கணக்கை டெராஃபோர்ம் கொன்சோலில் போட்டுப் பார்த்துவிட்டு, விடையை எடுத்து கோட்டில் கையாலேயே எழுதுகிறேன். அப்-ஏ என்றால் 10.20.0.0/20, அவ்வளவுதான். இது "கோட்" இல்லை, வெறும் அட்டவணை என்று எங்கள் சிங்கள நண்பன் ஒருவன் நக்கல் அடித்தான். அட்டவணைதான் மச்சாங். காணி உறுதியில் எல்லை எழுதும்போது ஃபோர்மியூலா எழுதுவார்களா? வடக்கே இன்னார் காணி, கிழக்கே பாதை என்றுதானே எழுதுவார்கள்.

அதேபோல் சோன் பெயர். ஏ, பி, சி என்று போடுகிறோமே, ஒரே எழுத்து வேறு வேறு அக்கவுண்ட்டில் ஒரே கட்டடத்தைக் குறிக்கும் என்று நிச்சயம் இல்லை. பழைய ரீஜன்கள் சிலவற்றில் அக்கவுண்ட்டுக்கு அக்கவுண்ட் கலைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அக்கவுண்ட்டை இணைப்பதாக இருந்தால் பெயருக்குப் பதில் சோனின் அடையாள எண்ணைக் கொடுங்கள். டெராஃபோர்ம் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரியது. அதில் கருவிக்குப் பங்கே இல்லை. முதல் விபிசியை நான் 10.0.0.0/16 என்று கட்டினேன். ஏன்? எல்லா உதாரணத்திலும் அதுதான் இருக்கிறது. பேலியகொடை வேர்ஹவுஸிலிருந்து மும்பாய்க்கு விபிஎன் போடும் நாள் வந்தது. அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவர் அறுபதைத் தொடும் நானா ஒருவர், மாளிகாவத்தைக்காரர். ஸ்கேனர், பிரிண்டர், சிசிடிவி எல்லாம் எந்த முகவரியில் என்று கேட்டேன்.

"10.0.1 தம்பி. பத்து வருசமா அதுதான். ஏன்?"

எனக்கு அடிவயிறு கலங்கியது. விபிசி முழுவதும் 10.0 வீச்சு. மும்பாயில் இருக்கும் சேர்வர் 10.0.1இல் இருக்கும் பிரிண்டருக்கு எதையாவது அனுப்பினால், அது தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் நினைக்கும். விபிஎன் பக்கம் தலை வைத்தும் படுக்காது. விபிசிக்கு இரண்டாவது வீச்சு ஒன்றைக் கூட்டலாம், முதல் வீச்சை மட்டும் நீக்க ஏலாது. நானாவிடம் நூற்றுக்கணக்கான ஸ்கேனரின் முகவரியை மாற்றச் சொல்வதா, நான் மும்பாயை இடித்துக் கட்டுவதா? பிழை என்னுடையது. நான்தான் இடித்தேன்.

டெராஃபோர்முக்கு நான் கைதட்டிய நாள் அது. வீச்சு ஒரே ஒரு இடத்தில் இருந்தது. 10.20.0.0/16 என்று மாற்றி, வேறொரு ஸ்டேட்டில் ஓட்டினேன். ஒன்பது சப்நெட், ரூட் டேபிள்கள், கேட்வேக்கள் எல்லாம் பழையதன் பக்கத்திலேயே புதிதாய் எழுந்து நின்றன. பிளானை வாசிக்கத்தான் எனக்கு அரை மணித்தியாலம் போனது. கையால் கொன்சோலில் கட்டியிருந்தால் அந்தச் சனி ஞாயிறு போயிருக்கும், ஏதாவது ஒரு ரூட் டேபிளைத் தவறான சப்நெட்டில் மாட்டியும் இருப்பேன். டேட்டாபேஸை நகர்த்துவது வேறு கதை. அது எல்லாக் கருவியிலும் வலிதான்.

1996இல் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் தனியார் பாவனைக்கென்று மூன்று வீச்சை ஒதுக்கியிருக்கிறது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. 192.168இல் வீட்டு ரவுட்டர்கள் குடியிருக்கின்றன. 172.17இல் டொக்கர் என்ற மென்பொருள் வழமையாக வந்து இருக்கும், 172.31இல் ஏடபிள்யூஎஸ்சின் டிஃபோல்ட் விபிசி. பத்தில்தான் இடம் தாராளம். ஆனால் அதன் தொடக்கத்தில் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்க் காணி வாங்குங்கள்.

கரண்ட் கட் பற்றிச் சொல்லாமல் கொழும்பில் இருந்து எந்த விமர்சனமும் எழுத ஏலாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. லப்டொப்பில் பற்றரி இருக்கும், ரவுட்டருக்கு இல்லை. சப்நெட் கட்டிக்கொண்டிருக்கும்போதே லைன் போனது. ஸ்டேட் ஃபைலை நாங்கள் ஏடபிள்யூஎஸ்சின் சேமிப்பிடமான எஸ்3இல் வைத்திருந்தோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைக்காதபடி ஒரு பூட்டும் உண்டு. மேலே எழுத முடியாததால் டெராஃபோர்ம் செய்து முடித்ததை எல்லாம் என் லப்டொப்பிலேயே "எரர்ட்" என்ற பெயரில் ஒரு ஃபைலாக இறக்கி வைத்தது. லைன் வந்ததும் அதை மேலே தள்ளி, மாட்டிக்கொண்ட பூட்டைக் கட்டாயமாகத் திறந்து, தொடர்ந்தேன். ஒரு சப்நெட்டும் தொலையவில்லை. இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தில் அந்த ஃபைலைப் பார்த்தபோது வந்த நிம்மதிக்கே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம். (அப்போது பூட்டுக்கென்று தனியாக டைனமோடிபி அட்டவணை ஒன்று வேண்டியிருந்தது. 1.10 பதிப்புக்குப் பிறகு எஸ்3 மட்டுமே போதும்.)

அதே வருசம்தான் டொலரும் ஏறியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சம், மே மாதம் 360. வெளியே போகத் தேவையான உள்சப்நெட்டுகளுக்கு நாட் கேட்வே வேண்டும். அமெரிக்காவின் விர்ஜீனியா ரீஜனில் அதற்கு மணித்தியாலத்துக்கு 0.045 டொலர், மும்பாயில் அதைவிடக் கொஞ்சம் கூட. விர்ஜீனியா விலையிலேயே கணக்குப் பார்த்தாலும் மாதம் 33 டொலர். சோனுக்கு ஒன்று என்று மூன்று வைத்தால் கிட்டத்தட்ட 99. மார்ச்சில் 20,000 ரூபாயாக இருந்தது மே மாதத்தில் 35,000ஐத் தாண்டும், ஒரு பைட் கூட அனுப்பாமலே. நாங்கள் பரிசோதனைச் சூழலில் மூன்றை ஒன்றாக்கினோம். 2024 பெப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டொலர் வேறு. பிளான் இவற்றில் எதையும் சொல்வதில்லை. எதை அழிக்கும் என்று விலாவாரியாகச் சொல்லும் கருவி, பில் எவ்வளவு கூடும் என்று ஒரு வரி சொல்லாதது எனக்கு மனக்குறை.

ஏடபிள்யூஎஸ்சின் இன்னொரு கருவியான சிடிகே பாவிக்கிற நண்பர்கள் இதில் இன்னும் மாட்டுவார்கள். அங்கே விபிசி என்று ஒரு வரி எழுதினால் அது தானாகவே முகவரியைச் சமமாகப் பங்கு போட்டு, பொது, தனி என்று சப்நெட் வெட்டி, சோனுக்கு ஒரு நாட் கேட்வேயும் வைத்துவிடும். கேட்காமலே பரிமாறுகிற சாப்பாட்டுக் கடை மாதிரி, பில் வரும்போதுதான் தெரியும் எத்தனை கறி என்று. டெராஃபோர்மில் நீங்கள் எழுதாத எதுவும் வராது. ஆயத்த மொடியூல் எடுத்தால் மட்டும் கவனம். பலரும் பாவிக்கிற ஏடபிள்யூஎஸ் விபிசி மொடியூல் நல்லதுதான், ஒற்றை நாட் கேட்வே போதும் என்று சொல்ல ஒரு சுவிட்ச்சும் உண்டு. ஆனால் அதன் உள்ளே போய்ப் பார்த்தால் சப்நெட்டுகள் கவுண்ட்டில் எண்ணப்பட்டிருக்கும். பட்டியலின் நடுவில் கை வைக்காதவர்களுக்கு அது பரவாயில்லை. நான் கை வைத்தவன்.

விலை: கட்டளை வரிக் கருவிக்கு ஒரு சதமும் இல்லை. 2023 ஓகஸ்டில் டெராஃபோர்மை உருவாக்கிய ஹாஷிகோர்ப் லைசென்ஸை மாற்றியபோது எங்கள் ஒஃபிஸில் ஒரே பதற்றம். டெராஃபோர்மையே விற்கிற போட்டிக் கொம்பனிகளுக்குத்தான் அது சிக்கல். எங்களைப்போல வாடிக்கையாளருக்குக் கட்டிக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சண்டையில் பிரிந்து வந்ததுதான் ஓப்பன்டோஃபு, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கிறது. ஸ்டேட் ஃபைலைப் பூட்டி மறைகுறியாக்கும் வசதி அதில் உள்ளேயே உண்டு. சப்நெட் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பழைய வீட்டிலேயே இருக்கிறேன், சோம்பல்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலு. அரை, கவுண்ட்டை முன் வாசலில் வைத்ததற்காகக் கழித்தது. இன்னொரு அரை, பாதுகாப்புப் பூட்டுக்காக. டேட்டாபேஸ் சப்நெட்டுகளில் "அழிக்காதே" என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். அதை மீறி அழிக்கும் பிளான் வந்தால் மறுத்துவிடும். ஆனால் அந்தத் துண்டையே கோட்டிலிருந்து எடுத்துவிட்டால் அந்த வரியும் சேர்ந்து போய்விடும், பிறகு மறுப்பதற்கு ஆள் இல்லை. வீட்டைப் பூட்டித் திறப்பைக் கதவிலேயே தொங்க விட்ட மாதிரி. ஒரே ஒரு விபிசி, இரண்டு சப்நெட், இனி மாறப்போவதில்லை என்றால் டெராஃபோர்ம் படிக்க நேரத்தை வீணாக்காதீர்கள். கொன்சோலில் கட்டிவிட்டுப் போய்ப் படுங்கள். ஏற்கெனவே கையால் கட்டியது இருந்தால் 1.5 பதிப்பிலிருந்து இம்போர்ட் துண்டு எழுதி உள்ளே எடுக்கலாம், இடிக்கத் தேவையில்லை.

முகவரித் திட்டத்தை இப்போது ஒரு ஏ3 தாளில் அச்சடித்து வைத்திருக்கிறேன். 10.20 மும்பாய், 10.24 பிறகு ஹைதராபாத் போனால் அதற்கு, 10.0.1 பேலியகொடை, 10.0.2 புறக்கோட்டை. ஒரு பிரதி என் மேசைக்கு மேலே, இன்னொன்று வேர்ஹவுஸில் நானாவின் கதிரைக்குப் பின்னால் சுவரில். போன மாதம் அவர் கோல் எடுத்தார். குளிரறைக்குப் புதிதாக இருபது கெமரா போடுகிறார்களாம், பொருத்த வந்தவன் 10.20 என்று ஏதோ கேட்கிறானாம்.

"நான் குடுக்கேலாண்டு சொல்லிட்டேன் தம்பி. அது உங்கட காணியெண்டு சுவத்துல இருக்கே. அவனுக்கு 10.0.5 குடுக்கவா?"

"குடுங்கோ நானா" என்றேன். தாளை எடுத்து 10.0.5க்கு நேரே பென்சிலால் எழுதினேன்.